மங்கல் பக்கம்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வருகிறவர்கள். மீதியில் பாதி மழைக்கு ஒதுங்குகிறவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒதுங்க வந்தவர்களையும் உட்காரவைத்து ஒரு படம் காட்டி அனுப்புவதுதான் பதினோரு வருடமாக என் உத்தியோகம்.

கட்டடம் ஒரு காலத்தில் தீயணைப்பு நிலையம். வண்டி நின்ற கூடத்தில் இப்போது முப்பத்தாறு நாற்காலிகள். தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் உயரமான கோபுரம் ஒன்று பின்னால் உண்டு. அதன் அடியில் வெயில் எட்டிப்பார்க்காத ஒரு சின்ன அறை. அங்கேதான் என் நாற்பத்து மூன்று டப்பாக்கள் இருக்கின்றன, டப்பாவுக்கு ஓர் ஊமைப்படச் சுருள். எல்லாம் இந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் எடுத்தவை. ஊர் உலகமெல்லாம் பேசும் படம் பார்க்கத் தொடங்கிய பிறகும் மனிதர் தன் ஊமைக் கேமராவை விடவில்லை. பாலம் திறந்தது, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், வெள்ளம் வடிந்த தெரு, மர ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் போன பிறகு பரணில் கிடந்த டப்பாக்களை வாரிசுகள் குப்பைக்கு அனுப்ப இருந்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். சண்டை எனக்குக் கைவந்த கலை.

ஒரு சுருளைத் தேற்றி எடுக்க இரண்டு மாதம் ஆகும். திறந்தால் காடி நாற்றம் மூக்கைத் துளைக்கும். தூசி துடைத்து, அறுந்த இடத்தை ஒட்டி, பல்சக்கரம் மாட்டும் ஓட்டைகள் கிழிந்த ஓரத்துக்கு மெல்லிய நாடா போட்டு, தலைநகரத்துக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு முறை ஓட்டிக் கணினிப் பிரதி எடுத்து வருவேன். அப்புறம் சுருள் கோபுரத்துக்குப் போய்விடும், பிரதியைத்தான் ஜனங்களுக்குக் காட்டுவேன். செய்த ஒவ்வொரு ஒட்டு வேலையையும் ஒரு தடிமனான பதிவேட்டில் தேதி போட்டு எழுதிவைப்பேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் காட்சி. படத்தில் யாரையாவது தெரிந்தால் அடையாளச் சீட்டு ஒன்றை நிரப்பித் தரலாம். பெயர் என்ன, உங்களுக்கு என்ன உறவு, எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகள். கூடவே இரண்டு ஆதாரம் வேண்டும். ஆரம்பத்தில் ஆதாரம் கேட்காமல் விட்டதில், வெள்ளக் காட்சியில் மிடுக்காக நிற்கும் ஒரு போலீஸ்காரரை மூன்று குடும்பங்கள் சொந்தம் கொண்டாடின. அதே காட்சியில் சைக்கிள் திருடிக்கொண்டு ஓடுகிறவனுக்கு மட்டும் இன்றுவரை நாதியில்லை. அதற்குப் பிறகுதான் கறாராக மாறினேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. பெயரெல்லாம் கூடத்துச் சுவரில் சின்னச் சின்னத் தகடுகளாக இருக்கின்றன. கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று என் கணவர் சொல்வார். கொஞ்சம் என்றது அவருடைய பெருந்தன்மை.

பெயர் கிடைக்காதவர்களில் எல்லோருக்கும் பிடித்தவர் மூன்று விரல்காரர். ஏழாம் சுருளில் மர ஆலை விட்டு ஏழெட்டு ஆண்கள் வருவார்கள். கேமராவைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிப் போக, ஒருவர் மட்டும் நேரே நடந்து வந்து, சிரித்து, ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். சுண்டு விரலும் மோதிர விரலும் இருக்காது. ஏதோ சொல்வார். அவ்வளவுதான், ஒன்பது விநாடி. அந்த இடம் வந்தால் முப்பத்தாறு நாற்காலியிலும் ஒரு சிரிப்பு ஓடும். பத்தாவது ஆண்டு நிறைவுக்குப் பத்திரிகையில் செய்தி போட்டபோதுகூட அவர் முகத்தைத்தான் போட்டார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வந்தார். எழுபத்தொரு வயது, நிமிர்ந்த முதுகு. துறைமுக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவராம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். காட்சி முடிந்து எல்லோரும் போகும்வரை கடைசி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“மூணு விரலோட வர்றாரே, அவர் எங்க அப்பாவா இருக்கணும்மா” என்றார்.

சீட்டை நீட்டினேன். எழுத ஆரம்பிக்கும் முன் பேசத் தொடங்கிவிட்டார். அவருக்கு எட்டு மாதம் இருக்கும்போது, ஆற்றில் மரம் மிதக்கவிடப் போன அப்பாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அம்மா கைக்குழந்தையோடு துறைமுக நகரத்துக்குப் பிழைக்கப் போனாள். அப்பாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. ஆலை அலுவலகம் பின்னால் தீப்பிடித்ததில் காகிதம் எதுவும் மிஞ்சவில்லை.

“எங்க தெருவுல யாரும் நம்பலம்மா. கல்யாணமே ஆகாம பெத்துட்டு, புருஷன்னு அம்மா ஒரு கதை கட்டிட்டாள்னு பேச்சு. பள்ளிக்கூடத்துலயும் அதான், நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் அதான். அம்மா சண்டைக்குப் போக மாட்டா. ராத்திரி என்கிட்ட மட்டும் சொல்லுவா, அவர் இப்படி நடப்பாரு, அவருக்கு இடது கையில ரெண்டு விரல் கிடையாது, ரம்பத்துல போயிடுச்சு, நல்ல வேளை கையெழுத்துப் போடற கை தப்பிச்சுதுன்னு. அம்மா போய் ஆறு வருஷமாச்சு. இந்தச் சுவத்துல அப்பா பேரையும், கீழ ‘இன்னாரோட கணவர்’னு அவ பேரையும் போட்டுட்டா போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

“இடது கையா?” என்றேன்.

“இடது கைதான்.”

நான் கணினியைத் திறந்து அந்த ஒன்பது விநாடியை மறுபடி ஓட்டி, கை உயரும் இடத்தில் நிறுத்தினேன். வலது கை. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், வலது கை.

அவர் வெகுநேரம் பார்த்தார். “அம்மாவுக்கு மாறாது” என்றார். “ஆனா மூஞ்சி என் பையனோட மூஞ்சி. அந்தப் பல் இடுக்கு, அந்தப் புருவம்... அப்படியே இருக்கே.”

“பையன் ஜாடையெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. ஜாடைன்னு தேடினா எல்லாருக்கும் யார் ஜாடையாவது இருக்கும்.”

“அப்போ கை?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய்க்குப் பூட்டு போட்டுப் பழக்கமில்லை. “ஒண்ணு, இவர் உங்க அப்பா இல்ல. இல்லன்னா, உங்க அம்மா கூட வாழாத ஆளைப் பத்திச் சொல்லியிருக்காங்க. கூட வாழ்ந்தவளுக்குப் புருஷனோட எந்தக் கைன்னு தெரியாமப் போகுமா? படம் பொய் சொல்லாதும்மா, மனுஷங்கதான் சொல்லுவாங்க” என்றேன்.

 அவர் எழுதாத சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல்வரை அதே நிமிர்ந்த முதுகோடு நடந்து போனார். நான் சீட்டைக் கட்டில் திரும்ப வைத்தேன். அன்று என் மனசில் ஒன்றும் உறுத்தவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தவறான பெயர் சுவரில் ஏறாமல் தடுத்துவிட்டோம் என்ற திருப்திதான் இருந்தது.

நாலு மாதம் போயிற்று. கூடத்தின் கறுப்புத் திரைச்சீலைகள் நைந்து, வெளிச்சம் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. புதிதாகத் தைக்க அளவெடுக்க என் கணவரை வரச் சொன்னேன். அவர் தையல்காரர். பதினோரு வருடத்தில் ஒரு காட்சிக்கும் வந்ததில்லை. சத்தம் இல்லாத படத்தில் தன் குறட்டை தனியாகக் கேட்கும் என்பது அவர் சொன்ன காரணம். அன்று ஜன்னல்மேல் ஏறி நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர், நான் அடுத்த காட்சிக்காக ஏழாம் சுருளின் கணினிப் பிரதியைச் சரிபார்க்க ஓட்டியபோது வேறு வழியில்லாமல் பார்த்தார். பாலம் திறந்தது, ஓட்டப்பந்தயம் முடிந்தது, மர ஆலை வந்தது. ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

“என்னடி இது, அத்தனை ஆம்பளையும் பொம்பளைச் சட்டை மாட்டிக்கிட்டு வர்றாங்க?”

“உளறாதீங்க. அளவெடுங்க.”

“நான் ஏன் உளறணும்? பட்டன் பட்டியைப் பாரு. ஆம்பளைச் சட்டைன்னா இடது பக்கத் துணி மேல வரும். இங்க ஒருத்தன் விடாம வலது பக்கம் மேல வருது. பாக்கெட்டும் வலது மார்புல. எந்த ஊர்ல எந்தத் தையல்காரன் வலது மார்புல பாக்கெட் வைப்பான்?” ஜன்னலிலிருந்து இறங்கி வந்தார். “முன்னாடி ஓட்டப்பந்தயத்துல வாத்தியார் சட்டை சரியாத்தான் இருந்துச்சு. இந்த இடத்துல மட்டும்தான் கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கு.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள் நான். கால் மணி நேரம் அவரோடு வாதாடினேன். அந்தக் காலத்தில் தையல் அப்படி இருந்திருக்கலாம் என்றேன். அவர் கேட்டுவிட்டு, “சரி, ஏழு பேரும் அன்னிக்குப் பொண்டாட்டி சட்டையைப் போட்டுட்டு வேலைக்கு வந்தாங்கன்னே வச்சுக்க” என்று நாடாவைச் சுருட்டினார்.

பதிவேட்டை எடுத்தேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது: ‘ஏழாம் சுருள். மர ஆலைத் துண்டு இரு முனையிலும் அறுந்திருந்தது. முன்பு ஒட்டியவர் கவனமின்றிப் பக்கம் மாற்றி ஒட்டியிருக்கிறார். சரிசெய்து ஒட்டப்பட்டது.’ கவனமின்றி என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பேனாவாலும் கெட்டிருந்தேன்.

என்ன நடந்தது என்பது சுலபம். படச் சுருளுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. அவருடையது நெகட்டிவ் இல்லாமல் நேரே படமாகவே கழுவி எடுக்கும் வகைச் சுருள். கேமராவுக்குள் ஓடிய மூலச் சுருளிலிருந்து பிரதி எடுத்தால், பிரதியில் பக்கம் மாறிவிடும். ஆகவே பிரதியைக் காட்டும்போது மங்கல் பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும், மூலத்தைக் காட்டும்போது திரையைப் பார்க்க வேண்டும். ஏழாம் சுருள் முழுக்க அப்படி எடுத்த பிரதி. மர ஆலைத் துண்டு மட்டும் மூலம். அதன் பிரதி எப்படியோ கெட்டுப்போயிருக்க வேண்டும், ஸ்டுடியோக்காரர் மூலத்தையே வெட்டி, பக்கம் மாற்றி, வேண்டுமென்றே அப்படி ஒட்டியிருக்கிறார். எல்லாம் ஒரே பக்கமாக மங்கலாக இருக்க இது மட்டும் மினுங்குகிறதே என்று அதைத் ‘திருத்தியது’ நான். பேசும் படமாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அதில் ஒரு ஓரத்தில்தான் ஓட்டை, மறு ஓரம் ஒலிக்கு, திருப்பிப் போட்டால் ஓடாது. ஊமைப்படத்துக்கு இரண்டு ஓரமும் ஓட்டை. எப்படிப் போட்டாலும் ஓடும், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாது.

அந்தத் துண்டில் ஒரு எழுத்துகூட இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. ஒருவர் கண்ணில் பட்டது. ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஏழு வருடத்துக்கு முன் என்னிடம், புகைபோக்கி அந்தப் பக்கம்தானே இருந்தது என்று கேட்டார். வயதானால் ஞாபகம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

கணினியில் ஒரே சொடுக்கு. படம் இடவலமாகத் திரும்பியது. பட்டன் பட்டிகள் எல்லாம் ஒழுங்காயின. மூன்று விரல்காரர் நடந்து வந்து, சிரித்து, இடது கையை உயர்த்தினார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சுருளைப் பற்றி நினைக்கவில்லை, பதினோரு வருடக் காட்சிகளைப் பற்றியும் நினைக்கவில்லை. ‘மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க’ என்று நான் சொன்னபோது அந்த அம்மாளின் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. செத்துப் போன ஒருத்தி பேரில், அவள் பெற்ற மகளிடமே, தெரு முழுக்கச் சொன்ன பழியை நானும் சொல்லியிருந்தேன். தெருக்காரர்களிடம் ஆதாரம் கிடையாது. நான் ஆதாரத்தோடு சொன்னேன். அவமானத்தில் அழுகை வந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, “யானைக்கும் அடி சறுக்கும்” என்றார். பிறகு, “நீ யானையைவிடக் கொஞ்சம் வேகமா நடப்ப, அதான்” என்றார்.

சீட்டை எழுதவிடாமல் அனுப்பியதால் முகவரி இல்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. துறைமுக நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். பிரசவ வார்டில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவர், நிமிர்ந்து நடப்பார் என்றேன். விவரம் தருவதற்கில்லை என்று வாய்ப்பாடு சொன்ன அலுவலகப் பையன், “நிமிர்ந்து நடப்பாங்களா?” என்று கேட்டான். “என்னை வெளிய இழுத்துப் போட்டதே அவங்கதாங்க. எங்க அண்ணனையும் அவங்கதான்” என்றான். அவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் போன் எண்ணையும் முகவரியையும் கொடுத்தான்.

நர்ஸம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். தப்பு என்னுடையது, படம் திரும்பியிருந்தது, அது இடது கைதான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“விடுங்கம்மா” என்றார். “நாலு மாசமா யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அம்மா ஏதோ ஒரு பயத்துல சொல்லியிருக்கா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது. இனிமே அதைக் கிளற வேணாம்.” வைத்துவிட்டார்.

இதற்குமேல் போனில் பேசிப் பயனில்லை. மறுநாள் காலை முதல் பஸ் ஏறினேன். பையில் கணினியும் கூடத்துச் சின்ன புரொஜெக்டரும். பக்கத்து இருக்கையில் கணவர். நீங்கள் எதற்கு என்றேன். “நீ பேசிக் காரியத்தைக் கெடுத்தா, யாராவது வேணுமில்ல” என்றார்.

நர்ஸம்மா வீட்டுக் கதவு திறந்தது. மர ஆலை வாசலிலிருந்து வந்தவர், பத்துப் பன்னிரண்டு வயது கூடி, கையில் செய்தித்தாளோடு நின்றிருந்தார். அதே புருவம். “யாரு வேணும்?” என்று கேட்டபோது அதே பல் இடுக்கு. ஜாடை ஆதாரம் ஆகாது என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

நர்ஸம்மா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கோபமில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். மர ஆலைத் துண்டை நான் எப்படித் திருப்பி ஒட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கணவர் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். வெள்ளைச் சுவரில் ஒன்பது விநாடி ஓடியது. மகன் வாய்க்குள், “அம்மா, இது நானு” என்றார்.

நர்ஸம்மா அசையவில்லை.

“இது நீங்க கம்ப்யூட்டர்ல திருப்பினதுதானம்மா?” என்றார். “ஒரு கிழவி மனசு ஆறட்டும்னு திருப்பிக் கொண்டு வந்திருக்கீங்க. நல்ல மனசுதான். ஆனா அன்னிக்கு வலதுன்னு காட்டினீங்க, இன்னிக்கு இடதுன்னு காட்டறீங்க. நாளைக்கு யாராவது வந்து மறுபடியும் வலதுன்னா? முப்பத்தெட்டு வருஷம், குழந்தை மாறிடக் கூடாதேன்னு ஒவ்வொண்ணோட மணிக்கட்டுலயும் சீட்டுக் கட்டினவ நான். வாயால சொன்னா நம்ப மாட்டேன்.”

அவர் சொன்னது நியாயம். கறாரில் அவர் எனக்கு அக்கா. இரண்டு பக்கமும் காட்டக்கூடிய ஒரு படத்தை வைத்துக்கொண்டு எது சரியான பக்கம் என்று எப்படி நிரூபிப்பது? பதிவேட்டைக் காட்டலாம், அதுவும் நான் எழுதியதுதானே. நான் வாயைத் திறக்கும் முன் கணவர் எழுந்தார்.

“அக்கா, இவ பேச்சை நம்ப வேணாம். நானே நம்பறதில்ல. நீங்க சட்டையைப் பாருங்க. தம்பி, நீங்க இப்படிச் சுவத்துப் பக்கத்துல வந்து நில்லுங்க.”

மகன் போய் நின்றார். நான் படத்தை, ஆண்கள் எல்லோரும் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். கணவர் விரலால் தொடாமல் காட்டினார். “உங்க பையன் சட்டையில எந்தப் பக்கத் துணி மேல இருக்கு? பாக்கெட் எங்க இருக்கு? இப்போ சுவத்துல பாருங்க. ஒரு ஆள் இல்ல, ஏழு ஆள்.”

நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். முதலில் மகனின் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரில் ஒவ்வொருவராக, வார்டில் படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டு போகிற மாதிரி, பார்த்தார். ஒருவர் பனியனோடு இருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தானே சொன்னார். மிச்சம் ஆறு.

“இப்போ அன்னிக்குக் காட்டின மாதிரி காட்டுங்க” என்றார்.

திருப்பினேன். ஆறு பேர் பாக்கெட்டும் வலது மார்புக்குத் தாவின. பட்டன் பட்டிகள் தப்பான பக்கம் மூடிக்கொண்டன. மகனின் சட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரியா இருக்கறதைப் போடுங்க.”

போட்டேன். இந்த முறை ஆறு பேரையும் அவர் பார்க்கவில்லை. ஒருவரை மட்டும் பார்த்தார். ஆள் நடந்து வந்தார், சிரித்தார், இடது கையை உயர்த்தினார், ஏதோ சொன்னார். முடிந்தது.

“என்ன சொல்றாரு?” என்று மகன் கேட்டார்.

“தெரியலங்க” என்றேன். “தெரியாததைத் தெரியும்னு இனிமே சொல்ல மாட்டேன்.”

நர்ஸம்மா கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போனார். அலமாரிக் கதவு திறக்கும் சத்தமும், துணிகளை நகர்த்தும் சத்தமும் கேட்டன. மகன் எங்களைப் பார்த்து, “நீங்க அன்னிக்குச் சொன்னதிலேருந்து அம்மா எங்க பாட்டி பேச்சையே எடுக்கறதில்ல” என்றார். குற்றம் சாட்டுகிற குரலாக இல்லை. தகவலாகத்தான் சொன்னார். எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

நர்ஸம்மா திரும்பி வந்தபோது கையில் சட்டம் போட்ட ஒரு புகைப்படம் இருந்தது. நடு வயதில் ஒரு பெண், நேராகப் பார்க்கிற கண்கள். படத்தின் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். துடைக்க வேண்டிய அழுக்கு அதில் இல்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாலு மாசமா துணிக்கு அடியில போட்டு வச்சிருந்தேன்” என்றார்.  “சாகற வரைக்கும் ஒரே பேச்சு பேசினா. நான் ஒரு நாள்ல நம்பாமப் போயிட்டேன்.”

நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை மடியில் நிமிர்த்தி, முகம் சுவரைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை போடுங்கம்மா” என்றார். “இவளும் அவரைப் பாத்து எழுபது வருஷமாச்சு.”

நான் முதலிலிருந்து ஓடவிட்டேன்.